பேண்ட்சா: பிளேடு மாட்டுவதிலிருந்து பராமரிப்பு வரை

மரவேலைக்குப் புதிதாக வருபவர்கள் வட்ட ரம்பத்தைப் பார்த்துப் பயப்படுவார்கள். பேண்ட்சாவை, அதாவது இரண்டு வீல்களின் மேல் வளையமாக ஓடும் பட்டை ரம்பத்தைப் பார்த்து யாரும் அவ்வளவு பயப்படுவதில்லை. அதற்குக் காரணமும் இருக்கிறது. வட்ட ரம்பத்தில் பின்பக்கப் பற்கள் கீழிருந்து மேலே எழுந்து வருவதால், பலகை சிக்கினால் தூக்கி ஆள் மேலேயே எறியும். பேண்ட்சாவில் பிளேடு எப்போதும் மேலிருந்து கீழாகவே ஓடுகிறது; மரத்தை டேபிளோடு சேர்த்து அமுக்குமே தவிர நம் பக்கம் எறியாது. சத்தமும் குறைவு. ஆனால் இறைச்சிக் கூடங்களில் உறைந்த இறைச்சியை எலும்போடு சேர்த்து அறுப்பதும் இதே இயந்திரம்தான். எலும்பு குறுக்கே வந்தாலும் அதன் ஓட்டம் நிற்பதில்லை. சுவிட்சைத் தொடும் ஒவ்வொரு முறையும் இதை நினைத்துக்கொள்கிறேன்.

கோணலாக அறுக்கிறது, பிளேடு கழன்றுவிடுகிறது, வாங்கிய ஒரு மாதத்தில் அறுந்துவிடுகிறது என்று இந்த இயந்திரத்தின் மேல் சொல்லப்படும் குறைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. செட்டிங்கை வரிசை மாற்றிச் செய்வதுதான் அது. முதலில் டென்ஷன் (பிளேடின் இறுக்கம்), அடுத்து ட்ராக்கிங் (வீலின் மேல் பிளேடு ஓடும் இடம்), பிறகு டேபிள், கடைசியில்தான் கைடுகள் (பிளேடைப் பக்கங்களிலும் பின்னாலும் தாங்கும் துண்டுகள்). கோணலாக அறுத்ததும் பலரும் நேராகக் கைடை இறுக்கப் போகிறார்கள். பிளேடை நேராக ஓட வைப்பது கைடின் வேலை இல்லை. அது டென்ஷனும் வீலும் செய்யும் வேலை. ஏற்கெனவே நேராக ஓடிக்கொண்டிருக்கும் பிளேடு, மரம் தள்ளும்போது விலகிவிடாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே கைடின் பொறுப்பு.

உள்ளே என்ன நடக்கிறது

மேலே ஒரு வீல், கீழே ஒரு வீல். கீழ் வீலை மோட்டார் சுற்றுகிறது. மேல் வீலுக்கு இரண்டு அசைவு உண்டு: மேலும் கீழும் நகர்ந்தால் டென்ஷன், முன்னும் பின்னும் சாய்ந்தால் ட்ராக்கிங். இரண்டு வீலின் விளிம்பிலும் ரப்பர் அல்லது யூரித்தேன் டயர் இருக்கும். பெரும்பாலான சிறிய இயந்திரங்களில் இந்த டயர் தட்டையாக இருக்காது, நடுவில் லேசாக மேடிட்டிருக்கும். ஓடும் பட்டை எப்போதும் மேட்டை நோக்கி ஏறும் என்பதால் பிளேடு தானாகவே நடுவுக்கு வந்து நிற்கிறது.

பிளேடு படும் பாட்டைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மரம் அறுக்கும் பேண்ட்சாவில் பிளேடு நிமிடத்துக்குச் சுமார் 900 மீட்டர் வேகத்தில் ஓடும். பிளேடின் மொத்த நீளம் 2.4 மீட்டர் என்றால், நிமிடத்துக்குச் சுமார் 375 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு வீலில் வளைந்து இரண்டு முறை நிமிர்கிறது. ஆக, பிளேடின் ஒவ்வொரு புள்ளியும் நிமிடத்துக்கு 750 தடவை வளைந்து நிமிர்கிறது. கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தே உடைப்போமே, அதே கதைதான்.

இந்த இயந்திரம் புழக்கத்துக்கு வரத் தாமதமானதும் இதனால்தான். வில்லியம் நியூபெரி என்ற ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் பிளேடின் இரு முனைகளையும் சேர்த்த இடம் தாக்குப்பிடிக்காமல் அறுந்துகொண்டே இருந்தது. 1846இல் பிரான்சைச் சேர்ந்த ஆன் போலின் கிரெபன் என்ற பெண் அந்த இணைப்புக்கு ஒரு நல்ல முறையைக் கண்டுபிடித்துக் காப்புரிமை கோரிய பிறகுதான் பேண்ட்சா பட்டறைகளுக்குள் வந்தது. இன்றைக்கும் புது பிளேடு கைக்கு வந்தால் முதலில் அந்த இணைப்பைத்தான் பார்க்க வேண்டும். முதுகுப் பக்கத்தை விரலால் மெதுவாக வருடினால் இணைப்பில் படி தட்டக் கூடாது. தட்டையான இடத்தில் முதுகை வைத்து நிறுத்தினால் இணைப்பு மேடாகவோ பள்ளமாகவோ தெரியக் கூடாது. தெரிந்தால் அந்த பிளேடைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எந்த செட்டிங்காலும் அதைச் சரிசெய்ய முடியாது.

எந்த பிளேடு

ஒரே பிளேடை மாட்டிவைத்து எல்லா வேலையும் செய்வதுதான் பேண்ட்சாவில் நடக்கும் பெரிய தவறு. மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்: அகலம், பல் எண்ணிக்கை, தடிமன்.

எவ்வளவு இறுக்கமான வளைவில் திரும்ப முடியும் என்பதை அகலம் தீர்மானிக்கிறது. தோராயமான கணக்கு இது:

3 மி.மீ. அகலம்: 5 மி.மீ. ஆரம் வரை
6 மி.மீ. அகலம்: 16 மி.மீ. ஆரம் வரை
10 மி.மீ. அகலம்: 37 மி.மீ. ஆரம் வரை
12 மி.மீ. அகலம்: 65 மி.மீ. ஆரம் வரை
19 மி.மீ. அகலம்: 140 மி.மீ. ஆரம் வரை

இதைவிட இறுக்கமாகத் திருப்பினால் பிளேடு முறுக்கிக்கொள்ளும், கைடுகள் சூடாகும், கடைசியில் பிளேடு அறுந்துபோகும். நேராக அறுப்பதற்கும், தடித்த மரத்தை உயரவாக்கில் நிறுத்திப் பலகைகளாகப் பிளப்பதற்கும் இயந்திரம் தாங்கும் அளவில் அகலமான பிளேடைப் போடுங்கள். தாங்கும் அளவில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். 19 மி.மீ. பிளேடு உள்ளே நுழையும் என்று கையேட்டில் போட்டிருக்கலாம். அதற்கு வேண்டிய டென்ஷனை அந்தச் சின்ன இயந்திரத்தின் சட்டமும் ஸ்பிரிங்கும் கொடுக்குமா என்பது வேறு கேள்வி. 350 மி.மீ. வீல் உள்ள இயந்திரத்தில் 12 மி.மீ. பிளேடை நன்றாக இழுத்துக் கட்டினால், தொளதொளவென்று மாட்டிய 19 மி.மீ. பிளேடைவிட நேராகவே அறுக்கும்.

பல் எண்ணிக்கையை ஓர் அங்குலத்துக்கு இத்தனை பல் என்று சொல்வார்கள். அறுக்கும்போது மரத்துக்குள் எந்த நேரமும் குறைந்தது 3 பற்களாவது இருக்க வேண்டும். 6 முதல் 12 வரை இருந்தால் நல்லது. 24ஐத் தாண்டக் கூடாது. ஓர் அங்குலத் தடிமனுள்ள பலகைக்கு 6 பல் பிளேடு பொருந்தும். அதே பிளேடால் 6 அங்குல உயரமுள்ள கட்டையைப் பிளந்தால் 36 பற்கள் ஒரே சமயத்தில் மரத்துக்குள் இருக்கும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள பள்ளம் பாதி வழியிலேயே தூளால் நிரம்பிவிடும். அதற்கப்புறம் பல் அறுக்காது, உரசும். மரம் கருகி வாடை வரும், பிளேடு நீலம் பாரிக்கும். அந்த வேலைக்கு 3 பல் பிளேடுதான் சரி. பரப்பு கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும், இழைத்துக்கொள்ளலாம்.

தடிமனுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: வீல் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 350 மி.மீ. வீலுக்கு 0.35 மி.மீ. வரும். நடைமுறையில் 0.5, 0.65 மி.மீ. பிளேடுகளும் அந்த வீலில் ஓடுகின்றன, ஆனால் தடிமன் கூடக் கூட உலோகம் சீக்கிரம் களைத்துவிடும். சின்ன வீல் இயந்திரம் வைத்திருப்பவர்கள் மெல்லிய பிளேடையே தேடி வாங்குவது நல்லது.

நீளம் தெரியாத பழைய இயந்திரம் கைக்கு வந்திருந்தால், டென்ஷன் திருகை நடுவாக்கில் வைத்து இரண்டு வீல்களின் மையங்களுக்கு இடையே அளந்து, அதை இரண்டால் பெருக்குங்கள். வீல் விட்டத்தை 3.14ஆல் பெருக்கி அதோடு கூட்டினால் பிளேடின் நீளம் கிடைக்கும். மையத் தூரம் 640, விட்டம் 350 என்றால் 1280ம் 1099ம் சேர்ந்து 2379 மி.மீ.

பிளேடை மாட்டுவது

சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே உருவிவிடுங்கள். உருவிய பிளக் கண்ணில் படும் இடத்தில் கிடக்கட்டும்.

சுருட்டிய பிளேடைப் பிரிக்கும்போது தடித்த கையுறையும் கண்ணாடியும் அவசியம். பேண்ட்சாவோடு கையுறைக்கு உள்ள உறவு இந்த ஒரு வேலையோடு முடிந்துவிட வேண்டும்; இயந்திரம் ஓடும்போது கையுறை போடவே கூடாது. கட்டை அவிழ்த்ததும் பிளேடு விசுக்கென்று விரியும். முகத்தை விலக்கி, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வளையமாக விடுங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

பிளேடை நுழைக்கும் முன் மேல், கீழ் கைடுகள் எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிவிடுங்கள். இதை விட்டுவிட்டால் பின்னால் செய்யும் ட்ராக்கிங் எல்லாம் பொய்யாகிவிடும், ஏனென்றால் பிளேடு வீல் சொல்வதைக் கேட்காமல் கைடு சொல்வதைக் கேட்கும். டேபிளின் வெட்டு முனையில் இரு பாதியையும் மட்டமாக வைத்திருக்கும் ஊசியோ திருகோ இருந்தால் அதைக் கழற்றி, பிளேடை உள்ளே விட்டுவிட்டு, மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

டேபிளுக்கு மேலே பற்கள் உங்களைப் பார்த்து, கீழ் நோக்கி இருக்க வேண்டும். எப்படித் திருப்பிப் போட்டாலும் பல் மேல் நோக்கியே நிற்கிறது என்றால் பிளேடு உள்வெளியாக இருக்கிறது. இரு கையாலும் பிடித்து முறுக்கி, சட்டையை உள்பக்கம் வெளியே வரத் திருப்புவதுபோல் திருப்பினால் சரியாகிவிடும். புது பிளேடு பழுது என்று நினைத்துக் கடைக்கே கொண்டுபோனவர்கள் உண்டு.

டென்ஷன்

இயந்திரத்தின் பின்னால் உள்ள டென்ஷன் அளவுகோல் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. ஸ்பிரிங்குக்கு வயதாகும், பிளேடின் தடிமனும் அதற்குத் தெரியாது. அதை ஆரம்பப் புள்ளியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் நம்புவது விரலை. மேல் கைடைத் டேபிளிலிருந்து 150 மி.மீ. உயரத்தில் நிறுத்தி, பிளேடின் தட்டைப் பக்கத்தை நடுவில் ஒரு விரலால் சுமாரான பலத்தோடு தள்ளிப் பார்ப்பேன். 6 மி.மீ. அளவுக்கு விலகினால் திருப்தி. அதற்கு மேல் எளிதாகப் போனால் இன்னும் இறுக்க வேண்டும். விரல் நுனி வெளுக்கும் அளவுக்குத் தள்ளினால் எந்த பிளேடும் விலகும், அது சோதனை ஆகாது.

இன்னொரு வழி, மெல்லிய பிளேடுகளுக்கு நன்றாக வேலை செய்வது. கைடுகள் பின்னுக்கு இருக்க, ட்ராக்கிங் முடிந்து, கதவுகளை மூடிய பிறகு இயந்திரத்தை ஓடவிட்டு, டென்ஷனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஒரு கட்டத்தில் பிளேடு நாடா மாதிரி படபடக்கத் தொடங்கும். அங்கே நிறுத்திவிட்டு, படபடப்பு அடங்கும் வரை மெதுவாக இறுக்கி, அதற்கு மேல் கால் திருப்பு. தளர்த்தும்போது பொறுமை வேண்டும். ஒரேயடியாகத் தளர்த்தினால் பிளேடு வீலை விட்டே கழன்றுவிடும்.

ட்ராக்கிங்

பிளக் உருவிய நிலையிலேயே மேல் வீலைக் கையால் சுற்றிக்கொண்டு, பிளேடு டயரின் எந்த இடத்தில் ஓடுகிறது என்று பாருங்கள். முன்னால் வந்தால் ட்ராக்கிங் குமிழைக் கொஞ்சம் திருப்பி மேல் வீலைப் பின்பக்கமாகச் சாயுங்கள். பின்னால் போனால் எதிர்த் திசை. ஒவ்வொரு தடவையும் கால் திருப்புக்கு மேல் வேண்டாம். திருப்பியதும் பிளேடு உடனே நகராது, வீல் இரண்டு மூன்று சுற்று போன பிறகுதான் புது இடத்தில் நிலைக்கும். பொறுமை இல்லாமல் குமிழை மேலும் மேலும் திருப்பிவிட்டு, பிறகு எதிர்த் திசையில் துரத்துவதில்தான் நேரம் போகும்.

மேடிட்ட டயரில் 6 மி.மீ. வரையுள்ள பிளேடு நடுவில் ஓடட்டும். அகலமான பிளேடு என்றால் அதன் உடம்பை நடுவில் வைப்பதைவிட, பல்லடிப் பள்ளங்கள் டயரின் மேட்டில் வருமாறு சற்றுப் பின்னால் வைத்தால் அறுப்பு நேராக வருகிறது. டென்ஷன் பல் பக்கத்தில் அதிகமாக விழுவதே காரணம். தட்டை டயர் உள்ள பெரிய இயந்திரங்களில் பற்கள் டயரின் முன் விளிம்பைத் தாண்டி வெளியே நிற்க வேண்டியிருக்கலாம். அங்கே கையேடு சொல்வதைக் கேளுங்கள்.

சரியான இடம் கிடைத்ததும் பூட்டு நட்டை இறுக்கி, இரண்டு கதவையும் மூடி, பக்கவாட்டில் நின்று சுவிட்சைப் போட்ட உடனே அணைத்துப் பாருங்கள். நின்ற பிறகு திறந்து பாருங்கள். அதே இடத்தில் இருந்தால் சரி. பிறகு டென்ஷனைத் தொட்டால் ட்ராக்கிங்கையும் மறுபடி பார்க்க வேண்டும், ஒன்று இன்னொன்றை நகர்த்தும்.

இரண்டு வீலும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று நேர்கம்பி வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். பிளேடு ஒழுங்காக நிலைத்து ஓடினால் அதைத் தொடாதீர்கள் என்பேன். என்ன செய்தாலும் பிளேடு கழன்றால் மட்டும், டென்ஷன் இருக்கும் நிலையில் வைத்துப் பாருங்கள்.

டேபிளும் கைடுகளும்

மேல் கைடை உயர்த்தி, மூலை மட்டத்தைத் டேபிளில் வைத்து பிளேடின் தட்டைப் பக்கத்தோடு ஒட்டிப் பாருங்கள். பற்கள் மாறி மாறி இரு பக்கமும் சாய்ந்திருக்கும். மட்டம் பல்லைத் தொட்டால் அளவு தப்பாகிவிடும். டேபிளைச் சரிசெய்து, அடியிலுள்ள நிறுத்தத் திருகை அந்த இடத்தில் பூட்டுங்கள். மட்டத்தைவிட மரத்தை நம்புவது நல்லது. உயரமான ஒரு கட்டையின் ஓரத்தில் கொஞ்ச ஆழத்துக்கு அறுத்துவிட்டு, இயந்திரத்தை நிறுத்துங்கள். கட்டையைத் தலைகீழாகப் புரட்டி, பிளேடின் பின்பக்கத்திலிருந்து அந்த வெட்டுக்குள் பிளேடின் முதுகை நுழைத்துப் பாருங்கள். தடையில்லாமல் நுழைந்தால் செங்கோணம் சரி.

இப்போதுதான் கைடுகள். முதலில் பிளேடின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் பேரிங். சும்மா ஓடும்போது அது சுற்றவே கூடாது, மரம் தள்ளும்போதுதான் பிளேடு அதைத் தொட வேண்டும். விசிட்டிங் கார்டு தடிமன், அதாவது 0.4 மி.மீ. அளவுக்கு இடைவெளி விடுங்கள். அடுத்து பக்கக் கைடுகள். இரு பக்கமும் ஒவ்வொரு காகிதத் துண்டு வைத்து, கைடுகளைத் தொடும் வரை நகர்த்திப் பூட்டிவிட்டுக் காகிதத்தை உருவினால் சரியான இடைவெளி கிடைக்கும். முன்பின்னாக, பக்கக் கைடின் முன் விளிம்பு பல்லடிப் பள்ளத்துக்குச் சற்றுப் பின்னால் நிற்க வேண்டும். அறுக்கும்போது பிளேடு பின்பேரிங் வரை பின்னுக்குப் போகும். அந்த நிலையிலும் பற்கள் கைடைத் தொடக் கூடாது. அதனால் பிளேடை விரலால் பின்னுக்கு அழுத்திப் பார்த்த பிறகே பூட்டுங்கள். ஒரே ஒரு நிமிடம் உலோகக் கைடில் உரசினாலும் பல்லின் சாய்வு போய்விடும், அந்த பிளேடு அதற்கப்புறம் ஒரு பக்கமாகவே இழுக்கும்.

டேபிளுக்கு அடியிலும் இதே மூன்றும் உண்டு. குனிந்து பார்க்க வேண்டும், கை நுழைக்க இடம் இருக்காது, தூள் முழுக்க அங்கேதான் விழும். அதனாலேயே பலரும் கீழ்க் கைடை விட்டுவிடுகிறார்கள். விளக்கைப் பிடித்துக்கொண்டு குனியுங்கள். மேலே எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் கீழே தொளதொளவென்று இருந்தால் வீண்.

பிறகு மேல் கைடை முழுக்க ஏற்றியும் இறக்கியும் பாருங்கள். கைடைத் தாங்கும் தண்டு பிளேடுக்கு இணையாக இல்லாவிட்டால், ஓர் உயரத்தில் வைத்த இடைவெளி இன்னொரு உயரத்தில் மாறிவிடும். அப்படிப்பட்ட இயந்திரத்தில் உயரம் மாற்றும்போதெல்லாம் கைடையும் பார்த்துத்தான் ஆக வேண்டும். 3 மி.மீ. பிளேடுக்கு பேரிங் கைடு வேண்டாம். கடின மரத் துண்டோ கிராஃபைட் கலந்த கட்டையோ போட்டால் கொஞ்சம் நெருங்கி நின்றாலும் பல் கெடாது.

அறுக்கும்போது

மேல் கைடு மரத்துக்கு மேலே 6 மி.மீ. உயரத்தில் நிற்கட்டும். அதற்கு மேல் வெளியே தெரியும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் விரலுக்குத் திறந்த கதவு. பிளேடும் அந்த இடைவெளியில்தான் அலையும்.

முழுக்கை சட்டை என்றால் மடித்துவிடுங்கள். மோதிரம், வளையல், தொங்கும் துண்டு வேண்டாம். கண்ணாடியும் முகமூடியும் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே மரத்தூளை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்துவிட்டது. பேண்ட்சாத் தூள் மெல்லியது, கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் நிற்கும். தூள் உறிஞ்சி இருந்தாலும் முகமூடியை விடாதீர்கள்.

கைகள் பிளேடின் நேர்க்கோட்டில் வரக் கூடாது, பக்கவாட்டில்தான் இருக்க வேண்டும். மிக ஆபத்தான நேரம் வெட்டின் கடைசி இரண்டு அங்குலம். அது வரை மரம் எதிர்த்துக்கொண்டிருக்கும், நாமும் பழகிப்போய் அதே பலத்தோடு தள்ளிக்கொண்டிருப்போம். கணு தாண்டியதும் அல்லது முனை வந்ததும் எதிர்ப்பு சட்டென்று போய்விடும், கை தானாக முன்னே பாயும். அதனால் முடிவு நெருங்கும்போது தள்ளுவதைப் பாதியாகக் குறைத்து, தள்ளுகட்டைக்கு மாறிவிடுங்கள். பலம் போட்டுத் தள்ள வேண்டியிருக்கிறது என்றால் பிளேடு மழுங்கிவிட்டது என்று அர்த்தம்.

வளைவு அறுக்கும்போது முதலில் ஓரத்திலிருந்து வளைவுக் கோடு வரை சின்னச் சின்ன வெட்டுகள் போட்டுவிடுங்கள். முக்கிய வெட்டு அங்கே வரும்போது கழிவு துண்டு துண்டாக உதிர்ந்து பிளேடுக்குத் திரும்ப இடம் கொடுக்கும். எந்த வெட்டிலிருந்தும் ஓடும் பிளேடோடு மரத்தைப் பின்னுக்கு இழுக்காதீர்கள். ஒரு தடவை வளைவின் பாதியில் கோடு தப்பிவிட்டதென்று நான் கட்டையைப் பின்னால் இழுத்தேன். பிளேடும் கூடவே முன்னால் வந்து வீலிலிருந்து நழுவியது. உள்ளே தடதடவென்று ஒரு சத்தம், பிறகு கதவின் உள்பக்கம் கீறல் விழும் ஓசை. கதவு பூட்டியிருந்ததால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வெட்டின் நடுவிலிருந்து வெளியே வர வேண்டுமென்றால் சுவிட்சை அணைத்து, பிளேடு முழுக்க நின்ற பிறகு மெதுவாக இழுங்கள்.

உருளையான கட்டையைக் கையால் பிடித்துக் குறுக்கே அறுக்கவே கூடாது. பல் பட்டதும் கட்டை உருளும், விரலையும் சேர்த்து உள்ளே இழுக்கும். நடுவில் பள்ளம் செதுக்கிய ஒரு தாங்குகட்டையில் படுக்கவைத்து, உருளாதபடி கட்டிவிட்டு அறுங்கள். அதேபோல், பிளேடு இறங்கும் இடத்தில் மரத்தின் அடி டேபிளைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்தரத்தில் இருக்கும் பகுதியை பிளேடு அடித்துக் கீழே தள்ளும்; கை நடுவில் இருந்தால் நசுங்கும். விரல் அளவுத் துண்டுகளைப் பெரிய பலகையில் ஒட்டி அறுக்கலாம்.

பிளேடு அறுந்தால் வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம் வரும். சுவிட்சை அணைத்துவிட்டு விலகி நில்லுங்கள். கீழ் வீல் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். அது முழுக்க நிற்கும் வரை கதவைத் திறக்க வேண்டாம். அறுவதற்கு முன்பே பல சமயம் எச்சரிக்கை வரும். சீரான ஓட்டத்துக்கு நடுவே வினாடிக்கு ஆறு தடவை டக்டக்கென்று ஒழுங்காகக் கேட்டால் பிளேடின் ஒரே ஓர் இடம் எதிலோ தட்டுகிறது என்று பொருள். இணைப்பில் மேடோ, வளைந்த பல்லோ, பல்லடியில் விரிசலோ இருக்கும். உடனே நிறுத்தி, பிளக்கை உருவி, கையால் சுற்றிப் பாருங்கள். விரிசல் என்றால் அந்த பிளேடின் ஆயுள் முடிந்தது.

கோணலாகப் போனால்

மரத்தை நேராக வழிநடத்த டேபிளில் பொருத்தும் தடுப்பான ஃபென்ஸோடு ஒட்டித் தள்ளினாலும் வெட்டு ஒரு பக்கமாக ஒதுங்குவது எல்லோருக்கும் வரும் தொல்லை. ஃபென்ஸைத் திருப்பிச் சரிசெய்யும் முறை ஒன்று உண்டு. ஒரு பலகையில் ஓரத்துக்கு இணையாகக் கோடு போட்டு, ஃபென்ஸ் இல்லாமல் கையால் அந்தக் கோட்டிலேயே பாதி வரை அறுங்கள். பலகை அசையாமல் பிடித்தபடி இயந்திரத்தை நிறுத்தி, பலகையின் ஓரம் டேபிளில் எந்தக் கோணத்தில் நிற்கிறதோ அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். ஃபென்ஸை அந்தக் கோட்டுக்கு இணையாக வையுங்கள்.

ஆனால் அதற்கு முன் பிளேடைச் சந்தேகப்படுங்கள் என்பதுதான் என் கருத்து. நேற்று நேராக அறுத்த இயந்திரம் இன்று ஒதுங்கினால் ஃபென்ஸ் என்ன செய்யும்? ஒரு பக்கப் பற்கள் மழுங்கியிருக்கும், பிளேடு கூர்மையான பக்கமாக ஒதுங்குகிறது. ஒரு கூர்மையான பிளேடை மாட்டிப் பார்த்தாலே பாதிப் பேருக்கு விடை கிடைத்துவிடும். உயரமான கட்டையைப் பிளக்கும்போது வெட்டு நேராக இல்லாமல் நடுவில் வயிறு தள்ளியிருந்தால், பிளேடு மழுங்கிவிட்டது, டென்ஷன் போதவில்லை, அல்லது அவசரமாகத் தள்ளுகிறீர்கள். மூன்றும் சேர்ந்தும் இருக்கலாம்.

பராமரிப்பு

டயரில் ஒட்டும் தூளை விட்டுவைத்தால் பிசினோடு சேர்ந்து கெட்டியாகி, அங்கங்கே மேடு கட்டும். பிளேடு அந்த மேட்டில் ஏறி இறங்கி அலையும். பிளக்கை உருவி, வீலைக் கையால் சுற்றிக்கொண்டு, கடினமான பிரஷ்ஷாலோ மரச் சீவலாலோ சுரண்டி எடுங்கள். உளி வேண்டாம், ரப்பர் கிழியும். கீழ் வீலைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி ஒரு பிரஷ்ஷைச் சட்டத்தில் பொருத்திவிட்டால் பாதி வேலை மிச்சம். டயரில் நகத்தை அழுத்திப் பாருங்கள். அமுங்கி மீண்டால் நல்லது. நகம் இறங்காமல் கெட்டியாக இருந்தாலோ, விரிசல் தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள்.

கீழ்ப் பெட்டியில் தூளைக் குவியவிடாதீர்கள். இறுகிப்போன பேரிங் சூடாகும், பிளேடு உலோகத்தில் உரசினால் பொறி பறக்கும், அதன் கீழே காய்ந்த தூள். கைடு பேரிங்குகளை விரலால் சுற்றிப் பார்த்து, கரகரவென்று இருப்பதை மாற்றுங்கள்.

பல்லில் பிசின் கறுப்பாகப் பிடித்திருந்தால் பிளேடு மழுங்கிவிட்டதென்று தூக்கிப் போடாதீர்கள். வெந்நீரில் சமையல் சோடா கரைத்துக் கொஞ்ச நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் வந்துவிடும். உடனே துடைத்து உலர்த்தி, லேசாக எண்ணெய் தடவுங்கள். டேபிளுக்கு மெழுகு பூசித் துணியால் தேய்த்துவிட்டால் மரம் வழுக்கிக்கொண்டு போகும், துருவும் பிடிக்காது; சிலிக்கோன் கலந்த பாலிஷ் வேண்டாம், அது மரத்தில் ஒட்டிக்கொண்டு பிறகு வார்னிஷ் பிடிக்காமல் செய்யும்.

கழற்றிய பிளேடைச் சுருட்ட ஒரு வழி. கையுறையோடு, பற்கள் உங்களுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வளையத்தை நிறுத்தி, அடியை ஷூ காலால் லேசாக மிதித்துக்கொள்ளுங்கள். மேல் பகுதியை ஒரு கையால் பிடித்துக் கீழே அழுத்திக்கொண்டே மணிக்கட்டை ஒரு முழுச் சுற்று திருப்பினால், பிளேடு தானே மூன்று வளையமாக மடிந்து விழும். கம்பியால் கட்டி, அகலமும் பல் எண்ணிக்கையும் எழுதிய சீட்டு மாட்டி, ஆணியில் தொங்கவிடுங்கள்.

நாளின் கடைசியில் டென்ஷனைத் தளர்த்திவிட்டுப் போங்கள். இரவு முழுக்க இழுத்துக்கொண்டே நின்றால் டயரில் பள்ளம் விழும், ஸ்பிரிங் தளரும், பிளேடும் களைக்கும். ஆனால் தளர்ந்த பிளேடு இருப்பது தெரியாமல் மறுநாள் யாராவது சுவிட்சைப் போட்டால் பிளேடு உடனே கழன்றுவிடும். அதற்காக என் இயந்திரத்தில் ஓர் அட்டை வைத்திருக்கிறேன். 'பிளேடு தளர்ந்திருக்கிறது' என்று சிவப்பு மையில் எழுதி, துளை போட்டுக் கயிறு கட்டியது. தளர்த்திய கையோடு அதைச் சுவிட்ச் மேலேயே மாட்டிவிடுவேன். காலையில் அட்டையைக் கழற்ற வேண்டுமென்றால் முதலில் டென்ஷன் திருகைத் தொட்டாக வேண்டும். எத்தனை சுற்று தளர்த்தினேன் என்பதும் அட்டையின் பின்பக்கம் பென்சிலால் எழுதியிருக்கும்.